கிரேஸ் ஹொப்பர் அம்மையார்: வழுக்களோடு வாழ்ந்த ஓர் ஆசிரியை

நூற்றாண்டு மலர்களில் கல்லூரியை வளர்த்த பெருமாட்டிகளின் வரலாறுகள் இடம்பெறுவது மரபு. அவற்றோடு சேர்த்து, எமது கல்லூரியின் வாசற்படியை ஒருநாளும் மிதித்திராத ஒருவரின் வரலாற்றையும் இங்கே எழுதத் துணிகின்றோம். காரணம் உண்டு. மருத்துவரும் ஆசிரியரும் கணக்காளரும் எம்மிடையே என்றும் குறைவில்லை. இன்றோ கொழும்பிலும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் கணினிச் செய்நிரல் எழுதும் தங்கைமாரும் பெருகிவிட்டனர். அவர்களைக் கேட்டுப் பாருங்கள். எழுதுவதற்குச் செல்லும் நேரத்திலும், எழுதியது ஏன் ஓடவில்லை என்று தேடுவதற்குச் செல்லும் நேரமே அதிகம் என்பார்கள். அந்தத் தேடலை ஓர் ஒழுங்கான தொழிலாக ஆக்கியவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் கிரேஸ் ஹொப்பர் அம்மையார். அவரும் ஒரு பெண்கள் கல்லூரியின் பழைய மாணவிதான். படித்த கல்லூரியிலேயே கணிதம் கற்பித்தவர்.

1906ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் திகதி நியூயோர்க் நகரில், மூன்று பிள்ளைகளில் மூத்தவராக அவர் பிறந்தார். தந்தையார் காப்புறுதித் தரகர். தாயாருக்குக் கணிதத்தில், குறிப்பாகக் கேத்திர கணிதத்தில், தீராத விருப்பம். ஆண் பிள்ளைக்குக் கிடைக்கும் கல்வி பெண் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் தந்தையார் உறுதியாக இருந்தார். ஏழு வயதில் கிரேஸ் வீட்டிலிருந்த எலாம் மணிக்கூடு ஒன்றைக் கழற்றினார். அது எப்படி வேலை செய்கின்றது என்று பார்ப்பது நோக்கம். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. விளங்கிக்கொள்வதற்காக அடுத்ததைக் கழற்றினார். தாயார் கண்டுபிடித்தபோது வீட்டிலிருந்த ஏழு மணிக்கூடுகளும் பாகம் பாகமாகக் கிடந்தன. இனிமேல் ஒன்றை மட்டும் வைத்துப் பரிசோதிக்கலாம் என்பதே கிடைத்த தண்டனை. அந்தத் தாயை எமக்கு நிரம்பப் பிடிக்கும்.

பரீட்சையில் ஒரு பாடத்தில் சறுக்கி அழுத தங்கைமாருக்காக இதையும் எழுதி வைக்கின்றோம்: வாசர் கல்லூரி அனுமதிக்கு முதல்முறை முயன்றபோது இலத்தீன் பாடத்தில் அவர் சித்தியடையவில்லை. ஓராண்டு காத்திருந்து, 1924இல் சேர்ந்தார். 1928இல் கணிதத்திலும் பௌதிகவியலிலும் பட்டம் பெற்று, யேல் பல்கலைக்கழகம் சென்று 1930இல் முதுகலைமாணியும் 1934இல் கணிதத்தில் கலாநிதியும் ஆனார். 1931 முதலே வாசரில் கற்பித்து வந்தார். நிகழ்தகவு வகுப்பிலே ஒரு சூத்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லி, அதன் மொழிநடைக்கும் புள்ளி போட்டாராம். இது கணித வகுப்பல்லவா என்று மாணவிகள் முறையிட்டார்கள். கணக்கைப் பிறருக்கு விளங்கும்படி சொல்லத் தெரியாவிட்டால் அதைப் படித்துப் பயனில்லை என்பது அவர் நிலைப்பாடு. பிற்காலத்தில் கணினி உலகில் அவர் செய்தவற்றுக்கெல்லாம் வித்து இந்த வகுப்பறையில்தான் இருந்தது என்று நாம் எண்ணுகின்றோம்.

உலகப் போர் வந்தது. 1943 டிசெம்பரில் அமெரிக்கக் கடற்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். வயது கூடிவிட்டது, எடை குறைந்த அளவுக்கும் ஏறக்குறைய 15 இறாத்தல் கீழே, கணிதப் பேராசிரியராக இருப்பதே நாட்டுக்கு உதவி என்றெல்லாம் தடைகள் வந்தன. விசேட அனுமதி பெற்றே நுழைந்தார். பயிற்சியில் முதலாவதாகத் தேறி, 1944 ஜூலையில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் வன் என்ற கணிப்பு இயந்திரத்துக்கு அனுப்பப்பட்டார். 51 அடி நீளமும் 8 அடி உயரமும் ஏறத்தாழ 5 தொன் எடையும் கொண்ட அது, ஒரு பெருக்கலுக்குச் சுமார் 6 வினாடி எடுத்தது. இன்று எம் கைப்பையிலுள்ள தொலைபேசியோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். அன்று உலகில் அதற்கு ஈடு மிகச் சில. அதற்குச் செய்நிரல் எழுதியவர்களில் அம்மையார் மூன்றாமவர். அதன் தலைவர் ஹவார்ட் ஐக்கன் கடும் கண்டிப்பானவர். வந்திறங்கியவரிடம் குறிமுறைப் புத்தகத்தைக் கொடுத்து, ஒரு வார அளவிலே, 23 தசமதானங்களுக்கு ஒரு கணக்கைச் செய்து முடிக்கப் பணித்தார்.

வழுக்களோடு அம்மையாரின் நெடும் பழக்கம் இங்கேதான் தொடங்கியது. இங்கு சற்று நின்று பேசவேண்டும்.

அந்த இயந்திரம் தந்த எண்கள் பீரங்கிகளின் சுடு அட்டவணைகளுக்குப் போயின. 1944இல் ஜோன் வொன் நொய்மன் என்ற பெரும் கணிதவியலாளர் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். அது அணுகுண்டு சார்ந்தது என்று இயந்திரத்தை ஓட்டியவர்களுக்கு அப்போது சொல்லப்படவில்லை. இத்தகைய வேலையிலே இயந்திரம் நின்றுபோவது தொல்லை. ஆனால் அது நிற்காமல் ஓடி, ஒரு பிழையான எண்ணைச் சரியான எண்போல அச்சடித்துத் தருவது ஆபத்து. நின்ற இயந்திரத்தை எவரும் கவனிப்பர். பிழையான எண்ணை எவரும் கவனியார். அது அப்படியே போர்க்களத்துக்குப் போய்விடும்.

வழு வரும் வழிகளும் பல. இயந்திரத்தின் ஆயிரக்கணக்கான மின் ஆளிகளில் ஒன்று சரியாகத் தொடுகை கொள்ளாது. அப்போது விளக்குகளை அணைத்துவிட்டு, கைப்பையிலிருந்த சிறு முகம்பார்க்கும் கண்ணாடியை ஆளிகளின் முன்னே பிடித்து, எங்கே பொறி பறக்கின்றது என்று அம்மையார் தேடுவார். இது இயந்திரத்தின் குற்றம். இன்னொரு சமயம், கட்டளைகளைத் தாங்கிவரும் துளையிட்ட கடதாசி நாடாவில் துளை ஒன்று பிசகியிருக்கும். ஒட்டுத்துண்டு வைத்து மூடித் திருத்த வேண்டும். இது எழுத்தின் குற்றம். நாடாவும் ஆளியும் சரியாக இருந்து, கணக்கை வகுத்தவர் தவறாக வகுத்திருந்தால், அது எம்முடைய குற்றம். மூன்றுக்கும் மருந்து வேறு. எந்த வகை என்று அறியாமல் கைவைத்தால் நல்ல ஆளியையும் கழற்றிப் போட்டுவிடுவோம்.

ஆதலால் கணக்கின் நடுவே இயந்திரமே தன்னைச் சோதித்துக்கொள்ளும்படி செய்தார்கள். ஒரே விடையை இரு வழியில் கண்டு, வேறுபாடு அனுமதித்த எல்லையை மீறினால் இயந்திரம் நின்றுவிடும். இதற்கான பொறியமைப்பு மார்க் வன்னிலேயே இருந்தது. 1946இல் வெளிவந்த, 500 பக்கங்களுக்கு மேற்பட்ட அதன் கையேட்டின் பெரும்பகுதியை எழுதியவர் அம்மையாரே. கட்டுரைக்குப் புள்ளி போட்ட ஆசிரியையின் கை அங்கே தெரியும்.

பூச்சிக் கதையையும் சொல்லாமல் விட முடியாது; பலர் அதைப் பிழையாகச் சொல்லி வருவதால் இன்னும் அவசியம். 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி, ஹாவார்டில் கட்டப்பட்ட மார்க் டூ என்ற அடுத்த இயந்திரம் தடங்கியது. பிரித்துப் பார்த்தபோது ஓர் ஆளிக்குள் அந்துப்பூச்சி ஒன்று நசிந்து கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டுநாடாவால் ஒட்டி, உண்மையான பூச்சி அகப்பட்ட முதற் சந்தர்ப்பம் இது என்ற பொருளில் ஒரு குறிப்பும் எழுதினார்கள். கண்டெடுத்தவர் அம்மையார் அல்லர். பூச்சி என்ற பொருள்படும் பக் என்ற சொல்லை இயந்திரக் கோளாறுக்கு ஆள்வதும் அவர் தொடக்கியதல்ல. எடிசன் காலத்துப் பொறியியலாளர்களே அப்படிச் சொல்லி வந்தனர். அதனால்தான் அந்தப் பகிடி அவர்களுக்கு உடனே பிடிபட்டது. ஆனால் அந்தக் கதையை உலகம் முழுவதும் மேடைக்கு மேடை சொல்லிப் பரப்பியவர் அம்மையாரே. எம்மைக் கவர்வது பூச்சியைவிட அந்தப் பதிவேடு. எது எப்போது பழுதாயிற்று, என்ன செய்தோம் என்று நேரம் குறித்து எழுதிவைக்கும் பழக்கம் அங்கே இருந்தது. இன்றைய சேவையகங்கள் தாமாகவே எழுதும் பதிவுக்கோப்பும் அதே வேலையைத்தான் செய்கின்றது. பதிவு இல்லாத இடத்தில் வழுவைத் தேடுவது, இருட்டு அறையில் ஊசி தேடுவதுதான்.

போருக்குப் பின்னர் அவருக்கு நல்ல காலம் அமையவில்லை. 1930இல் நடந்த திருமணம் 1945இல் விவாகரத்தில் முடிந்தது, பிள்ளைகள் இல்லை. ஹாவார்டில் பெண்களுக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. மதுப் பழக்கமும் மனச்சோர்வும் அவரை வாட்டின என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதியுள்ளார்கள். மறைக்கவேண்டிய விடயமாக நாம் இதைக் கருதவில்லை. நண்பர்கள் தாங்கிக்கொண்டனர். 1949இல் பிலடெல்பியாவில், யூனிவக் கணினியை உருவாக்கிக்கொண்டிருந்த எக்கர்ட், மோக்லி என்போரின் சிறு நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கே அவர் கண்ட காட்சி ஒன்று. ஒரு செய்நிரலுக்குச் சரியாக வேலை செய்த பகுதியை இன்னொரு செய்நிரலுக்கு வேண்டுமென்றால், நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக் கையால் பிரதி பண்ணினார்கள். ஒவ்வொரு பகுதியும் பூச்சியத்திலிருந்து முகவரி எண் தொடங்குவதால், புதிய இடத்துக்கேற்ப எல்லா எண்களோடும் ஒரு தொகையைக் கூட்டவேண்டும். படித்த மனிதருக்குப் பார்த்தெழுதவும் வரவில்லை, கூட்டவும் வரவில்லை. வெற்றிடத்தைக் குறிக்கும் முக்கோணக் குறி 4 ஆக மாறியது; ஆங்கில எழுத்து பி, 13 ஆகப் பிளந்தது. எத்தனை கவனமாக இருக்கச் சொன்னாலும் இது தீராது என்பதை அவர் உணர்ந்தார். கவனக்குறைவு என்று ஆளைக் கடிந்துகொள்வதை விட்டு, பிழை வரும் அந்த வேலையையே மனிதர் கையிலிருந்து எடுத்து இயந்திரத்திடம் கொடுத்தார். பகுதிகளை நாடாவில் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பெண் கொடுத்து, இயந்திரமே தேடி எடுத்துக் கூட்டிச் சேர்க்கும்படி செய்தார். 1952இல் ஏ சீரோ என்ற பெயரில் வந்த இதுவே முதற் தொகுப்பான் எனப் போற்றப்படுவது.

இதில் எமது கல்லூரியின் வலைப்பந்தாட்ட வீராங்கனைகள் இரசிக்கக்கூடிய ஒரு சங்கதி உண்டு. இன்னும் எழுதப்படாத பின்பகுதிக்குத் தாவச் சொல்லும் கட்டளை வந்தால், இயந்திரத்துக்கு அந்த இடம் தெரியாது, அங்கேயே தடுமாறும். அம்மையார் கல்லூரி நாட்களில் ஆடிய கூடைப்பந்தாட்டத்தை நினைத்தார். நேரே கூடைக்கு எறிய வழியில்லாதபோது, பந்தை இடையில் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு ஓடி, பின்னர் வாங்கிக்கொள்வதில்லையா? நினைவகத்தின் கடைசியில் ஒரு சிறு மூலையை ஒதுக்கி, தாவல் கட்டளைகளை அங்கே நிறுத்திவைத்து, உரிய இடம் வந்ததும் பெற்றுக்கொள்ளச் செய்தார். வேலை முடிந்தது.

இத்தனை செய்தும் பலர் நம்பவில்லை. கணினி கணக்குத்தான் செய்யும், செய்நிரல் எழுதாது என்றார்கள். அவர் விடவில்லை. ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிடும் ஃப்ளோமாட்டிக் மொழியை உருவாக்கினார். அதற்கான முன்மாதிரியிலே பிரெஞ்சிலும் ஜேர்மனிலும்கூடக் கட்டளை கொடுத்துக் காட்டியபோது நிர்வாகத்தினர் கலங்கிப்போனார்கள். அமெரிக்காவில் கட்டிய கணினிக்கு அந்நிய மொழி எப்படி விளங்கும் என்பது அவர்கள் ஐயம். கணினிக்கு எல்லா மொழியும் ஒன்றுதான். தமிழில் கொடுத்திருந்தாலும் அதற்கு அதே கதைதான். 1959இல் தொடங்கி உருவான கோபோல் மொழிக்கு ஃப்ளோமாட்டிக் முக்கிய அடிப்படையாயிற்று. கோபோல் ஒரு குழுவின் ஆக்கம். அம்மையார் தனியே செய்ததல்ல. எனினும் அவரின்றி அது அந்த வடிவில் வந்திராது.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம் படித்த தங்கைமாருக்கு மூவகை வழுக்கள் நினைவிருக்கும்: தொடரியல் வழு, இயக்க நேர வழு, தருக்க வழு. முதலாவதைத் தொகுப்பானே பிடித்துவிடும். மற்றைய இரண்டும் அப்படியல்ல. இணையத்தளச் செய்நிரலில் இயக்க நேர வழுவுக்குப் பஞ்சமே இல்லை. படிவத்தில் பாவனையாளர் தவறாக எழுதுவார், கேட்ட பக்கம் அங்கே இராது, வலையமைப்பு அறுந்துபோகும், சேவையகத்தில் நாமே எழுதிய வரி ஒன்று முறியும். உலாவிக்குச் சேவையகம் அனுப்பும் மூன்றிலக்க எண்ணைப் பாருங்கள். 4இல் தொடங்கினால், 404ஐப் போல, கேட்ட விதத்தில் குற்றம். 5இல் தொடங்கினால், 500ஐப் போல, கொடுக்க வேண்டியவரிடத்தில் குற்றம். யாருடைய தவறு என்பதை முதலில் பிரிப்பது, ஹாவார்டில் கண்ணாடி பிடித்த அதே பிரிப்புத்தான். பாவனையாளரின் தவறென்றால் எந்த இடத்தில் என்ன தவறென்று பணிவாகச் சொல்லித் திருத்தவிட வேண்டும். வலையமைப்பு அறுந்ததென்றால் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலலாம். எம்முடைய வரி முறிந்ததென்றால் மீண்டும் முயன்று பயனில்லை. பதிவுக்கோப்பில் எழுதிவிட்டு, பாவனையாளரிடம் வருத்தம் தெரிவித்து, போய்த் திருத்த வேண்டும்.

பழியை மாற்றிப் போடும் தளங்களும் உண்டு. எம்மவர் எத்தனை பேர் புலம்பெயர்ந்த நாடுகளில், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தையார் பெயரின் முதலெழுத்தை மட்டும் இட்டு, சிவப்பு எழுத்தில் ஏச்சு வாங்கியிருக்கிறோம்! அங்கே பெயரில் வழு இல்லை. படிவத்தை வகுத்தவரின் எண்ணத்தில்தான் வழு.

இன்னும் மோசமானது மௌனம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுத்தாக வந்த 5ஐயும் எண்ணாகிய 3ஐயும் கூட்டச் சொன்னால் 53 என்று தரும்; முறையிடாது. பூச்சியத்தால் வகுத்தால் முடிவிலி என்று சொல்லி மேலே போகும். இவை போதாதென்று, வழு எழும்பும் இடத்தில் அதைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் விழுங்கிவிடும் வெறும் கட்டளைத் தொகுதியைச் சிலர் அவசரத்தில் எழுதிவிடுகின்றனர். திரையில் எல்லாம் சுகமாகத் தெரியும். மருந்தகத்தின் கணக்கிலோ வங்கியின் கணக்கிலோ பிழையான எண் அமைதியாகப் போய் உட்காரும். எல்லை மீறினால் நில் என்று மார்க் வன்னுக்குக் கற்பித்தவர் இதைக் கண்டால் சும்மா இருந்திரார்.

முன்கூட்டி அனுமதி கேட்பதிலும் பார்க்கச் செய்துவிட்டு மன்னிப்புக் கேட்பது இலகு என்ற கருத்தை அவருடையதாகவே உலகம் சொல்கின்றது. பைத்தன் மொழியில் செய்நிரல் எழுதுவோர் அதை வழுக்களைக் கையாளும் ஒரு முறைக்கே பெயராக்கிவிட்டார்கள்: ஒவ்வொன்றையும் முன்னரே சோதித்துக்கொண்டிராமல் செய்துபார், வழு எழுந்தால் பிடித்துக் கையாள். ஆனால் மன்னிப்புக் கேட்பது என்ற பாதியைச் செய்யாமல் விட்டால் அது அந்த முறையே அல்ல என்பது எம் எண்ணம்.

1966 இறுதியில் வயது காரணமாகக் கடற்படை அவரை ஓய்வில் அனுப்பியது. அதை வாழ்வின் மிகத் துயரமான நாளாக அவர் கருதினார். ஏழு மாதங்களிலே, 1967 ஓகஸ்டில், கடற்படையே திரும்ப அழைத்தது. ஆறு மாதத்துக்கு என்று அழைத்து ஏறத்தாழ 19 ஆண்டுகள் வைத்திருந்தார்கள். வெவ்வேறு நிறுவனங்களின் கோபோல் தொகுப்பான்கள் ஒரே செய்நிரலுக்கு வெவ்வேறு விடை தந்த குழப்பத்தை ஒழுங்குக்குள் கொண்டுவருவதே பணி. அதற்கான சோதனைச் செய்நிரல்களை அவருடைய பிரிவு ஆக்கியது. அலுவலகச் சுவரில் இடப்புறமாகச் சுற்றும் மணிக்கூடு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். எப்போதும் இப்படித்தான் செய்தோம் என்று சொல்வோருக்கு அதுவே பதில். கூட்டங்களில் ஏறக்குறைய ஓரடி நீளமான கம்பித் துண்டுகளை வழங்குவார். ஒளி ஒரு நனோ செக்கனில் செல்லும் தூரம் அது.

1986 ஓகஸ்ட் 14ஆம் திகதி, பொஸ்டன் துறைமுகத்தில் நின்ற கொன்ஸ்டிடியூஷன் என்ற பழம்பெரும் கப்பலில், ரியர் அட்மிரலாக, 79ஆவது வயதில் ஓய்வு பெற்றார். அதன் பின்னும் ஒரு கணினி நிறுவனத்தின் ஆலோசகராக வேலைக்குப் போனார். 1992ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி காலமானார். ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றும், 2017 முதல் யேல் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. கணினித் துறைப் பெண்கள் கூடும் பெரும் மகாநாடு 1994 முதல் அவர் பெயரால் நடைபெற்று வருகின்றது. வட அமெரிக்காவில் இத்துறையிலிருக்கும் எம் சகோதரிகள் அதை அறிந்திருப்பர். அந்துப்பூச்சி ஒட்டிய பதிவேட்டுப் பக்கம் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.